கடைக்குள் டிஜிட்டல் திரை: பிளேயர் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

ஜவுளிக்கடை, ஸ்வீட் ஸ்டால், மருத்துவமனை வரவேற்பறை, கல்யாண மண்டபம் என்று திரைகளை மாட்டி, அவற்றுக்குப் பின்னால் பிளேயர் வைத்துக் கொடுப்பது என் தொழில். போனில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் எல்லோருக்கும் அனுப்பலாம் என்று எழுதியது இது.

பென் டிரைவைச் செருகினாலே டிவியில் படம் ஓடுகிறதே, பிளேயர் எதற்கு?

ஒரே ஒரு திரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் விளம்பரம் மாறும் என்றால் பென் டிரைவே போதும். இதைச் சொல்லி ஆர்டரை இழந்திருக்கிறேன், பரவாயில்லை.

பென் டிரைவின் சிக்கல் காலையில்தான் தெரியும். டிவியை ஆன் செய்தவுடன் அது தன் மெனுவில் போய் நிற்கும். யாராவது ரிமோட்டை எடுத்து, கோப்பைத் தேடி, ஓகே அழுத்த வேண்டும். கூட்டமான நாளில் அதை யாரும் செய்ய மாட்டார்கள். பிளேயர் என்பது உள்ளங்கை அளவில் ஒரு கணினி. படங்களைத் தன்னுள் சேமித்துக்கொள்ளும், காலை டிபன் விலைப்பட்டியல் 11 மணி வரை, அப்புறம் சாப்பாடு என்று நேரம் பார்த்து மாற்றும், 'நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று மேலே தகவல் சொல்லும். அந்த 'மேலே' இருப்பதுதான் சிஎம்எஸ்: எந்தத் திரையில் எது, எப்போது ஓட வேண்டும் என்று நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அமைக்கும் மென்பொருள்.

எந்த பிளேயர் வாங்கலாம்?

மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளில் படம் நன்றாகத்தான் தெரியும். கரன்ட் போய் வந்தால் ஆப் தானாகத் திறக்குமா என்பதுதான் கேள்வி. சிலதில் திறக்கும், சிலதில் முகப்புத் திரையிலேயே நின்றுவிடும். வாங்குவதற்கு முன் கடைக்காரர் மேசையிலேயே பிளக்கை உருவிச் சொருகிப் பார்த்துவிடுங்கள்.

ஒரே சர்க்யூட் பலகையில் வரும் குட்டிக் கணினியான ராஸ்பெரி பை எனக்குப் பிடித்தது. 2019-இல் வந்த பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் உண்டு. அதற்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரைக் கொடுத்துவிட்டு 'அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகுது' என்று சொல்லக் கூடாது. பை 4-இல் மின்சாரம் இல்லாதபோது மணி ஓடும் கடிகாரம் கிடையாது. 2023-இல் வந்த பை 5-இல் அந்தக் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஆனால் பை 5-இல் எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்கும் வன்பொருளை எடுத்துவிட்டார்கள். ஃபுல் எச்டி வரை புராசஸரே சமாளித்துவிடும். 4கே வேண்டுமானால் அதற்கு அடுத்த முறையான எச்.265-ஆக மாற்றிக் கொடுப்பது நல்லது. இரண்டு மாடலிலும் பலவீனமான இடம் மெமரி கார்டு. எழுதிக்கொண்டே இருக்கும்போது கரன்ட் போனால் கார்டு கெட்டுப்போகும்.

விண்டோஸ் மினி பிசி வலுவானது, எதையும் ஓட்டும். ஆனால் ஸ்வீட் ஸ்டால் திரையில் மைசூர்பாகுக்குக் குறுக்கே 'அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யவா?' என்ற பெட்டி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை அடக்கத் தெரிந்தவர் கையில் கொடுத்தால் சரி. பிரைட்சைன் போன்றவை இந்த வேலைக்காகவே செய்யப்பட்ட பெட்டிகள். விலை அதிகம், தொல்லை குறைவு.

சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் என்ற இயங்குதளங்களில் ஓடும் வணிகத் திரைகளில் பிளேயர் உள்ளேயே வந்துவிடும். ஒரு பெட்டி, ஒரு கேபிள், ஒரு அடாப்டர் மிச்சம். திரை சர்வீஸுக்குப் போனால் பிளேயரும் கூடவே போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எதை வாங்கினாலும் எல்லாத் திரைக்கும் ஒரே மாடலாக வாங்குங்கள். எட்டுத் திரைக்கு நாலு வகைப் பெட்டி என்றால் நாலு வகை நோய்.

வீட்டு டிவியையே மாட்டலாமா?

ஏசி அறை, நேரடி வெளிச்சம் இல்லை, எட்டு மணி நேரம்தான் ஓடும் என்றால் பலரும் மாட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் வீட்டு டிவியின் வாரன்டி அட்டையைப் படித்துப் பாருங்கள். கடையில் பயன்படுத்தினால் வாரன்டி செல்லாது என்று பெரும்பாலும் இருக்கும். வீட்டு டிவியின் வெளிச்சம் பொதுவாக 250 முதல் 350 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). கடைக்குள் மாட்டும் வணிகத் திரை 350 முதல் 500. கண்ணாடிக்குள்ளிருந்து தெருவைப் பார்த்து நிற்கும் திரைக்கு 2,500 நிட்ஸ் அளவில் வேண்டும். வீட்டு டிவியை அங்கே வைத்தால் எதிர்க்கடை போர்டுதான் அதில் பிரதிபலிக்கும்.

செங்குத்தாக நிறுத்த வேண்டுமானால் வீட்டு டிவி வேண்டாம். அதன் வெப்பம் வெளியேறும் வழி படுக்கை நிலைக்காகவே அமைக்கப்பட்டது.

சைட் பார்க்க வரும்போது என்னதான் பார்ப்பீர்கள்?

முதலில் வெயிலை. மேற்குப் பார்த்த கடை என்றால் மாலை 4 மணிக்குத்தான் போவேன். வாடிக்கையாளர் எங்கே நிற்பாரோ, பில் போட எங்கே வரிசை நிற்குமோ, அங்கே நின்று சுவரை போட்டோ எடுப்பேன். பத்து அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க எழுத்து ஒரு அங்குலமாவது உயரம் இருக்க வேண்டும் என்பது போர்டு எழுதுகிறவர்களின் பழைய கணக்கு. திரைக்கும் அது பொருந்தும். முப்பதடி தூரத்தில் நிற்பவருக்கு 43 அங்குலத் திரையில் பன்னிரண்டு வரி விலைப்பட்டியல் போடச் சொன்னால், முடியாது என்று அங்கேயே சொல்லிவிடுவேன்.

அப்புறம் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பேன். செங்கல் என்றால் ஆங்கர் போல்ட் பிடிக்கும். ஜிப்சம் தடுப்பு என்றால் பின்னால் பிளைவுட் கொடுக்காமல் 55 அங்குலத் திரையைத் தொங்கவிட மாட்டேன். ஸ்டாண்டு இல்லாமலே அது 15 முதல் 20 கிலோ வரும், கீழே மனிதர்கள் நிற்பார்கள்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். 'ராத்திரி கடை சாத்தும்போது எதை ஆஃப் பண்ணுவீங்க?' இதற்கு வரும் பதிலை வைத்துத்தான் பாதித் திட்டம் போடுகிறேன்.

அந்தக் கேள்விக்கு அவ்வளவு என்ன முக்கியத்துவம்?

ஒரு ஜவுளிக்கடை. ஆறு திரை மாட்டிக் கொடுத்தோம். தினமும் காலையில் இரண்டு திரை மட்டும் கருப்பாக இருக்கிறது என்று போன். நான் போகும்போது எல்லாம் நன்றாக ஓடும், ஏனென்றால் அதற்குள் யாராவது பிளக்கைப் பிடுங்கிச் சொருகியிருப்பார்கள். மூன்று நாள் அலைந்துவிட்டு நாலாவது நாள் 8:45-க்கே போய் ஷட்டருக்கு வெளியே நின்றேன். வாட்ச்மேன் ஐயா பூட்டைத் திறந்தார், நேராகப் போர்டுக்குப் போனார், மெயின் ஸ்விட்சான எம்சிபியை மேலே தூக்கினார். 'தினமும் இப்படித்தானா, ஐயா?' 'ஆமா தம்பி, ராத்திரி எல்லாத்தையும் இறக்கிட்டுத்தான் போவேன். முதலாளி உத்தரவு.'

மெயினைத் தூக்கிக் கரன்ட் வந்த அந்த நொடியில் நடப்பது இது. பிளேயர் அரை நிமிடத்துக்குள் விழித்துவிடுகிறது. தன்னிடம் இணைந்திருக்கும் திரையின் அளவு என்ன என்று எச்டிஎம்ஐ வழியாகக் கேட்கிறது. டிவி அப்போது சிவப்பு விளக்குடன் ஸ்டாண்ட்பையில் தூங்கிக்கொண்டிருக்கும். சில டிவிகள் அந்த நிலையிலும் பதில் சொல்லும், சிலது சொல்லாது. பதில் வராவிட்டால் 'திரையே இல்லை' என்று பிளேயர் முடிவு கட்டிவிடும். பத்து நிமிடம் கழித்து ஒருவர் ரிமோட்டில் ஆன் செய்யும்போது 'நோ சிக்னல்' வரும். இது ஒன்று.

இரண்டாவது, ரவுட்டர் எழுந்து இணையம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். அதுவரை கடிகாரம் இல்லாத பிளேயருக்கு இன்னும் நேற்று ராத்திரி 9:40 தான். கடை சாத்தும் நேரத்துக்குத் திரையைக் கருப்பாக்கு என்று அட்டவணையில் போட்டிருந்தால், காலை 9 மணிக்கு அது கடமை தவறாமல் கருப்பாகவே வைத்திருக்கும். தேதி ரொம்பப் பின்தங்கியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் ஒத்துப்போகாமல் சிஎம்எஸ்ஸுடன் பேசவே முடியாது.

தீர்வு சிரமமானது இல்லை. திரை எப்போதும் இணைந்தே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்படி பிளேயரின் எச்டிஎம்ஐ அமைப்பை மாற்றினோம். கரன்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி டிவி மெனுவில் அமைத்தோம். ரவுட்டருக்கும் பிளேயர்களுக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து தனி லைன் இழுத்து, அந்த ஸ்விட்சின் மேல் 'அணைக்காதீர்' என்று ஒட்டினோம். கடிகாரப் பேட்டரி போட்டோம். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எம்சிபியை ஐந்து தடவை இறக்கி ஏற்றச் சொன்னோம். ஐந்து தடவையும் ஆறு திரையும் யாரும் தொடாமல் எழுந்தன.

அன்றிலிருந்து வேலை முடிந்ததா இல்லையா என்று நான் பார்க்கும் அளவுகோல் இது ஒன்றுதான். படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

வைஃபை போதுமா, லேன் கேபிள் இழுக்க வேண்டுமா?

இழுக்க முடிந்தால் இழுங்கள். கேட்6 கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை போகலாம், பெரும்பாலான கடைகளுக்கு அது தாராளம். கரன்ட் வயர் போகும் அதே குழாய்க்குள் மட்டும் திணிக்காதீர்கள். காலிக் கடையில் சோதிக்கும்போது அருமையாக இருக்கும் வைஃபை, ஆடித் தள்ளுபடிக்கு ஐந்நூறு பேர் போனும் கையுமாக உள்ளே வந்ததும் மூச்சுத் திணறும்.

வாடிக்கையாளருக்கான இலவச வைஃபையில் பிளேயரை இணைக்கச் சொல்கிறார்கள். போன் நம்பர் போட்டு ஓடிபி கொடுத்தால்தான் இணையம் வரும் என்றால், பாவம் அந்தப் பெட்டிக்கு ஏது போன் நம்பர்? தனி இணைப்புக் கேளுங்கள். மருத்துவமனை, கல்லூரி மாதிரி இடங்களில் ஐடி பிரிவிடம் ஒவ்வொரு பிளேயரின் மேக் முகவரியையும் (நெட்வொர்க்கில் அந்தப் பெட்டியின் அடையாள எண்) முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான 443 போர்ட்டில் வெளியே போக அனுமதி வாங்கிவிடுங்கள். வேலை நாளன்று கேட்டால் 'மேடம் லீவு' என்று வரும்.

எவ்வளவு டேட்டா செலவாகும்? நெட் போனால் திரை நின்றுவிடுமா?

நிற்காது. கோப்புகளை இறக்கித் தன்னிடமே வைத்துக்கொண்டுதான் பிளேயர் ஓட்டுகிறது. நேரலையாக வரும் இணையப் பக்கம், யூடியூப், வானிலை போன்றவை மட்டும் தடைபடும்.

கணக்கு எளிது. 10 எம்பிபிஎஸ் தரத்தில் 30 விநாடி விளம்பரம் சுமார் 37.5 எம்பி. பன்னிரண்டு விளம்பரம் 450 எம்பி. எட்டு பிளேயர் தனித்தனியாக இறக்கினால் 3.6 ஜிபி. புதிதாக மாற்றும்போது மட்டும்தான் இந்தச் செலவு. இறக்கும் நேரத்தை இரவுக்கு வைத்தால் பில் போடும் கணினி தள்ளாடாது. அப்படியானால் இரவில் பிளேயருக்கு கரன்ட் இருக்க வேண்டும், மறுபடி வாட்ச்மேன் ஐயாவிடம்தான் போக வேண்டும்.

எச்டிஎம்ஐ கேபிள் எவ்வளவு நீளம் போகலாம்?

சாதாரணக் கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால் படம் மினுக்கத் தொடங்கும், 4கே என்றால் அதற்கு முன்பே. நீளம் வேண்டுமானால் ஃபைபர் எச்டிஎம்ஐ, அல்லது கேட்6 வழியாக அனுப்பும் எக்ஸ்டெண்டர். பிளேயரைத் திரைக்குப் பின்னாலேயே ஒட்டினால் ஒன்றரை மீட்டர் போதும். நான் அதையே செய்கிறேன்.

திரைக்குப் பின்னால் சூடாகாதா?

ஆகும். ராஸ்பெரி பை 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைக்கும், வீடியோ திக்கும். அலுமினியப் பெட்டி போடுங்கள், டிவியின் காற்றுத் துளைக்கு நேர் மேலே ஒட்டாதீர்கள், சுவருக்கும் திரைக்கும் நடுவே கை நுழையும் இடம் விடுங்கள். இன்னொரு எதிரி பல்லி. இரவெல்லாம் கதகதப்பாக இருக்கும் பெட்டி அதற்கு அரண்மனை. பெரிய துளைகளுக்கு மெல்லிய கம்பி வலை ஒட்டிவிடுவது என் வழக்கம்.

வீடியோவை எந்த வடிவத்தில் தர வேண்டும்?

எம்பி4, எச்.264, 1920-க்கு 1080, விநாடிக்கு 25 அல்லது 30 பிரேம். செங்குத்துத் திரைக்கு 1080-க்கு 1920 என்று டிசைனரிடம் முதலிலேயே சொல்லுங்கள். படுக்கையாகச் செய்ததை அப்புறம் வெட்டினால் மாடலின் தலையோ சேலையின் முந்தானையோ போய்விடும். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது நசுக்கிவிடும், 55 அங்குலத்தில் பட்டுச்சேலை கோணிப்பை மாதிரி தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதே?

இதில் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன, பார்த்தவுடன் பிரித்துவிடலாம்.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லை. லினக்ஸ் பிளேயர்களில் இது சகஜம். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு யூனிகோட் எழுத்துருவை ஏற்றினால் தீரும்.

ஆங்கிலக் குப்பையாக வந்தால் அது பாமினி, அதாவது யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு. டிசைனர்களும் அச்சகத்தாரும் இன்றும் அதில் அடிக்கிறார்கள். படமாக மாற்றித் தந்தால் பிரச்சினை இல்லை. கீழே ஓடும் செய்தி வரியில் அதை ஒட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். 'தமிழ்' என்று அவர் அடித்தது 'ஜே கே பி ஓ' என்று ஓடும். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

மூன்றாவது நுட்பமானது. எழுத்துகள் எல்லாம் இருக்கும், ஆனால் 'செட்டிநாடு' என்பதில் ஒற்றைக்கொம்பு 'ச'வுக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும். யூனிகோடில் கொம்பு மெய்யெழுத்துக்கு அப்புறம்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வரைவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. செய்தி வரியை இணையப் பக்கமாகச் செய்து, பிளேயரில் உள்ள பிரவுசர் வழியாகக் காட்டுங்கள், சரியாகிவிடும். மென்பொருள் வாங்கும் முன் 'கொ, கௌ, ஸ்ரீ' மூன்றையும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் டெமோ காட்டுகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

சிஎம்எஸ் இலவசமாகக் கிடைக்குமா?

ஸிபோ திறமூல மென்பொருள், சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அதன் விண்டோஸ், லினக்ஸ் பிளேயர்கள் இலவசம். ஆண்ட்ராய்டு, வெப்ஓஎஸ், டைசனுக்குத் திரை ஒன்றுக்கு உரிமம் வாங்க வேண்டும். ஆந்தியஸ் என்பது ராஸ்பெரி பைக்குப் பொருத்தமானது, முன்பு ஸ்கிரீன்லி ஓஎஸ்இ என்ற பெயரில் இருந்தது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக நிர்வகிக்க வேண்டும் என்பதால் இரண்டு மூன்று திரைக்குச் சரி. சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் மாதச் சந்தா சேவைக்கே போங்கள். 'இலவசம்' என்று நிறுவிவிட்டு பேக்கப் எடுக்காமல் விட்டால், ஒரு நாள் சேர்த்து வைத்து வசூலித்துவிடும்.

எதுவானாலும் முதன்மைக் கணக்கு உங்கள் கடையின் இமெயிலில் இருக்கட்டும். என்னைப் போன்ற ஆளின் இமெயிலில் வேண்டாம். நாளை நமக்குள் சண்டை வந்தால் உங்கள் திரை என் கையில் மாட்டிக்கொள்ளும்.

சினிமாப் பாட்டு போடலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. பொது இடத்தில் பாட்டு ஒலிக்கவிடுவதும் படக் காட்சியைக் காட்டுவதும் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வரும். யூடியூபிலிருந்து இறக்கியதைப் போட்டுத் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். விலைப்பட்டியல் திரைக்குச் சத்தமே தேவையில்லை என்பது என் கட்சி. நாள் முழுக்க அதன் கீழே நிற்கும் சேல்ஸ் பெண்களைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள்.

மாட்டும் நாளில் கடையை மூட வேண்டுமா?

வேண்டாம். துளை போடுவதைக் கடை திறக்கும் முன் முடித்துவிடலாம். பிளேயர்களை எங்கள் இடத்திலேயே ஏற்பாடு செய்து, பெயர் ஒட்டி, இரண்டு நாள் விடாமல் ஓடவிட்டுத்தான் கொண்டுவருவோம். பெயர் என்றால் 'பிளேயர் 3' என்று இல்லை, 'முதல் மாடி, பட்டுப் பிரிவு, படிக்கட்டுப் பக்கம்' என்று. போனில் கேட்கும்போது அந்தப் பெயர்தான் உதவும்.

திறப்பு விழா என்றால் முந்தைய நாளே முடியும்படி தேதி கொடுங்கள். நல்ல நேரம் 9:15 முதல் 10:15 என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ரிமோட் முதலாளி கையில் இருக்க வேண்டும், நான் ஏணியில் இருக்கக் கூடாது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் எந்த மென்பொருள் அப்டேட்டும் செய்ய மாட்டேன், யார் கேட்டாலும்.

அப்புறம் யார் விளம்பரத்தை மாற்றுவது?

பெரும்பாலான திரைகள் செத்துப்போவது இங்கேதான். பெட்டி ஓடும், பொங்கல் வாழ்த்து சித்திரை வரை ஓடும். மேனேஜருக்குச் சொல்லிக் கொடுப்பதால் பயனில்லை, அவருக்கு நேரம் இருக்காது. பில்லிங்கில் இருக்கும் தம்பியோ தங்கச்சியோ இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுப்பேன், ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் இன்னொருவர் இருப்பார். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முடியும் தேதி போடுவதை முதல் பாடமாகவே கற்றுக்கொடுத்துவிடுவேன்.

திரை கருப்பாகிவிட்டால், உங்களைக் கூப்பிடும் முன் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?

டிவியில் சிவப்பு விளக்கு எரிகிறதா, ரிமோட்டில் எச்டிஎம்ஐ சரியான எண்ணில் இருக்கிறதா, பிளேயரில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எல்லா வயரையும் உருவி மாற்றிச் சொருகாதீர்கள், அப்புறம் என்ன கெட்டது என்று எனக்கே தெரியாது. திரையை ஒரு போட்டோ, பின்பக்கத்தை ஒரு போட்டோ, பிளக் பாயின்ட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பல தடவை அந்த மூன்றாவது போட்டோவிலேயே விடை கிடைத்துவிடும்: பிளேயரின் பிளக் தரையில் கிடக்கும், அதன் இடத்தில் யாருடைய போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.